புதிய களத்தில் வழி காணல்

பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்தில் சென்னைக்குச் செல்லும் நம் மாணவருள் பெரும்பாலோர் திருப்பெரும்புதூர் வரும்போது உறங்கிக்கொண்டிருப்பர். விழித்திருப்போர், அவ்வூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் இருங்காட்டுக்கோட்டையைக் காண்பர். நெடுஞ்சாலைக்கு அருகிலேயே அங்கு வேறொரு சாலை இருக்கிறது. எந்த ஊரிலிருந்தும் புறப்படாத சாலை அது. எந்த ஊரையும் சென்று சேராத சாலை. 3.7 கிலோமீட்டர் தொலைவு வளைந்தும் நிமிர்ந்தும் ஓடி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருகிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ஆம் ஆண்டில் திறந்த பந்தயக் களம் அது.

அக்களத்தில் ஒரே வகை வண்டியை இருவரிடம் கொடுங்கள். ஒருவன் பழகியவன், மற்றவன் புதியவன். இயந்திரம் ஒன்றே, சக்கரங்கள் ஒன்றே, எரிபொருளும் ஒன்றே. ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் பழகியவன் பல விநாடிகள் முந்துவான். காரணம் என்ன? துணிவு என்பார் பலர். துணிவு அன்று. புதியவனும் துணிவில் குறைந்தவன் அல்லன். பல வேளைகளில் அவனே மிகுந்த துணிவுடையவன். பழகியவன் வழியை அறிந்தவன், புதியவன் அறியாதவன். வேறுபாடு இவ்வளவே.

அறியாத களத்தில் அந்த வழியைக் கண்டறிவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். நம்மிடையே பொறியியல் பயிலும் நண்பர் சிலர், மாணவர்களே வடிவமைத்துக் கட்டும் சிறு பந்தய வண்டிகளோடு கோவைக்குச் செல்கின்றனர். அங்குள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் என்னும் போட்டி நடைபெற்று வருகிறது. அதில் ஒரு பிரிவில், கூம்புகளை வைத்து அவ்வப்போது வகுத்த பாதையில் வண்டி ஓட்ட வேண்டும். ஓட்டிப் பழக இடமில்லை. நடந்து பார்க்கவே இடமுண்டு. பிறகு கிடைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சுற்றுகளே. ஆண்டு முழுதும் பட்டறையில் பட்ட பாடு அச்சில சுற்றுகளில் வெளிப்பட வேண்டும். ஆகவே இது வெறும் பொழுதுபோக்குப் பொருள் அன்று என்பதை நண்பர்கள் ஒப்புவர்.

வழி என்பது யாது?

பந்தயச் சாலை அகலமானது. ஒரு வண்டி செல்லத் தேவையான இடத்தைப் போலப் பல மடங்கு இடம் அங்கே உண்டு. அந்த அகலத்தில் எவ்விடத்தில் நுழைந்து, எவ்விடத்தைத் தொட்டு, எவ்விடத்தில் வெளியேறுவது என்று ஓட்டுபவன் தேர்ந்துகொள்ளும் கோட்டையே ‘ரேசிங் லைன்’ என்பர். நாம் அதனை ஓட்டவழி எனலாம். வளைவின் உட்புற விளிம்பை வண்டி தொட்டுச் செல்லும் இடத்திற்கு ‘ஏபெக்ஸ்’ என்று பெயர். அதனைத் தொடுபுள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

மிகக் குறுகிய தொலைவே சிறந்த வழி என்று நினைப்பது இயல்பு. ஓட்டப் பந்தயத்தில் உள்வட்டத்தை ஒட்டி ஓடிப் பழகியவர் நாம். ஆனால் வண்டிக்கு அந்நியாயம் பொருந்தாது. ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

வளைவின் கணக்கு

வண்டி வளைந்து செல்வதற்கு மையநோக்கு விசை வேண்டும். அவ்விசையைத் தருவது சக்கரத்திற்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடிப்பு. பிடிப்புக்கோ ஓர் எல்லை உண்டு. பள்ளியில் படித்த பௌதிகத்தை நினைவுகூர்ந்தால், வளைவில் செல்லக்கூடிய பெரும வேகத்தின் வர்க்கம், உராய்வு எண், புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கலுக்குச் சமம் என்பது விளங்கும். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவதாகிய ஆரம் நம் கையில் இருக்கிறது. ஆரம் பெரிதானால் வேகமும் பெரிதாகும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 90 பாகை திரும்பும் ஒரு வளைவு. வண்டியின் அகலம் போக, நமக்குக் கிடைக்கும் இடம் 10 மீட்டர். உள்விளிம்பின் ஆரம் 20 மீட்டர். வெளிவிளிம்பின் ஆரம் 30 மீட்டர். உராய்வு எண் 1 என்று கொள்க.

உள்விளிம்பை ஒட்டியே சென்றால் பெரும வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். நடுவில் சென்றால் 56. வெளிவிளிம்பை ஒட்டியே சென்றால் 62. இனி, வெளிவிளிம்பில் நுழைந்து, நடுவில் உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்பிற்கு வருமாறு ஒரே வட்டவில்லை வரைந்து பாருங்கள். அவ்வில்லின் ஆரம் ஏறத்தாழ 54 மீட்டர் ஆகும். அதில் செல்லக்கூடிய வேகம் மணிக்கு 83 கிலோமீட்டர்! சாலை அதே சாலை. சக்கரமும் அதே சக்கரம். கோட்டை மாற்றினோம், வேகம் மாறிவிட்டது.

கொண்டை ஊசி வளைவில் இவ்வளவு ஆதாயம் கிடைப்பதில்லை. அதே அகலமும் அதே ஆரங்களும் உடைய சாலை 180 பாகை திரும்பினால், நாம் எப்படி வரைந்தாலும் ஆரம் 30 மீட்டரைத் தாண்டாது. ஆகவே வளைவு கூர்மையாக ஆக, கோட்டின் அழகினால் பெறுவது குறைகிறது. வெளியேறும்போது வண்டியை எவ்வளவு விரைவில் முடுக்குகிறோம் என்பதே பெரிதாகிறது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துக.

முதலில் பார்க்க வேண்டியது வளைவு அன்று

மேலே வரைந்த வட்டவில்லே சிறந்த வழி என்று முடிவு செய்துவிடலாமா? வளைவு மட்டும் தனியே இருந்தால் செய்யலாம். களத்தில் எந்த வளைவும் தனியே இல்லை. அதற்குப் பின் ஒரு நேர்ச்சாலை இருக்கிறது. அல்லது மற்றொரு வளைவு இருக்கிறது.

வளைவிற்குப் பின் 400 மீட்டர் நீளமுள்ள நேர்ச்சாலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒருவன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அதனுள் வெளியேறுகிறான். மற்றவன் 85-இல் வெளியேறுகிறான். இருவரும் விநாடிக்கு விநாடி 2 மீட்டர் என்ற அளவில் முடுக்கினால், இரண்டாமவன் நேர்ச்சாலையின் முடிவில் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக முந்திவிடுவான். அந்த 5 கிலோமீட்டரைப் பெறுவதற்காக அவன் வளைவின் தொடக்கத்தில் 20 மீட்டர் தொலைவை 80-க்குப் பதில் 75 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் இழந்தது 0.06 விநாடி. ஆறு காசு கொடுத்து முப்பத்தைந்து காசு வாங்கியவன் அவன்.

இதனால்தான் நேர்ச்சாலைக்கு முந்திய வளைவில் தொடுபுள்ளியைச் சற்றுத் தள்ளி வைக்கின்றனர். மெதுவாக நுழைந்து, திரும்ப வேண்டியதன் பெரும்பகுதியை முதலிலேயே திரும்பி முடித்து, உள்விளிம்பைக் காலந்தாழ்த்தித் தொட்டால், அதற்குப் பின் வழி நேராகத் திறந்து கிடக்கும். ஆக்ஸிலேட்டரை முன்னதாகவே அழுத்தலாம். வளைவின் கோடு சற்று அழகு குன்றும். சுற்றின் நேரம் குறையும்.

ஆகவே புதிய களத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது மிக நீண்ட நேர்ச்சாலையை. அதற்கு முந்திய வளைவு எதுவோ, அதுவே களத்தின் தலையாய வளைவு. அதற்கு முன்னுள்ள வளைவுகள் எல்லாம் அதற்கு ஏவல் செய்பவை. இரண்டு வளைவுகள் அடுத்தடுத்து வந்தால், முதல் வளைவில் கொஞ்சம் இழந்தாலும் இரண்டாம் வளைவைக் காக்க வேண்டும். வழியை முன்னிருந்து பின்னாக அன்று, பின்னிருந்து முன்னாக எண்ணுக. நான் சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுவே; மற்றவை இதன் கிளைகள்.

பொறியியலாளராகவும் ஓட்டுநராகவும் விளங்கிய இத்தாலியர் பியரோ தாருஃபி, இத்தகைய கணக்குகளை 1950-களின் இறுதியிலேயே ஒரு நூலாக எழுதி வைத்தார். கருத்து பழையது, ஆயினும் ஒவ்வொரு புதியவனும் அதனைப் புதிதாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிடிப்பு ஒரு கைப்பணம்

வழி காணும் முறைக்குள் புகுமுன் மற்றொன்றும் அறிய வேண்டும். சக்கரத்தின் பிடிப்பு, விடுதி மாணவனுக்கு வீட்டிலிருந்து வரும் மாதப் பணம் போன்றது. தொகை இவ்வளவுதான். உணவிற்கு முழுவதையும் செலவிட்டால் நூலுக்கு மிஞ்சாது. பிடிப்பு முழுவதையும் பிரேக்கிற்குச் செலவிட்டால் திரும்புவதற்கு மிஞ்சாது. திரும்பிக்கொண்டிருக்கும்போதே முழு வலிமையோடு முடுக்கினாலும் அதே நிலைதான். ஒன்றைக் குறைத்தே மற்றொன்றைக் கூட்ட வேண்டும். பிரேக்கை மெல்ல விடுவித்துக்கொண்டே திருப்புவதும், திருப்பத்தைத் தளர்த்திக்கொண்டே முடுக்குவதும் இக்கணக்கின் விளைவே.

கடன் வாங்கும் வழக்கம் இங்கு இல்லை. எல்லையைத் தாண்டினால் முன்சக்கரம் சறுக்கி வண்டி வெளியே தள்ளிச் செல்லும். அல்லது பின்சக்கரம் சறுக்கி வண்டி சுழலும்.

களம் புதிதானால்

இனி முறையைக் காண்போம்.

ஒன்று: நடந்து காண்க. வண்டியில் ஏறுமுன் களத்தைக் காலால் அளக்க வேண்டும். வரைபடம் வளைவைச் சொல்லும். மேடு பள்ளத்தைச் சொல்லாது. தரை எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். உட்புறமாகச் சாய்ந்த வளைவு வண்டியைத் தாங்கும். வெளிப்புறமாகச் சாய்ந்தது வண்டியை வெளியே தள்ளும். தார் ஒட்டுப் போட்ட இடங்கள், வண்ணம் பூசிய விளிம்புகள், மணல் படிந்த மூலைகள், மழைநீர் தேங்கும் பள்ளங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வளைவுதோறும் குனிந்து, ஓட்டுபவன் அமரும் உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். நின்றால் தெரியும் வளைவின் முடிவு, அமர்ந்தால் தெரியாமற் போகலாம். பின்னர் ஒரு முறை திரும்பியும் நடங்கள். வெளியேறும் இடத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தால், நுழைய வேண்டிய இடம் தானே விளங்கும்.

இரண்டு: எழுதி வைக்க. 1955-ஆம் ஆண்டில் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் வென்றார். 1,600 கிலோமீட்டர் தொலைவு, அனைத்தும் பொதுச் சாலை. ஆங்கிலேயராகிய அவர் இத்தாலியரைப் போல் அச்சாலையை மனப்பாடமாக அறிந்தவர் அல்லர். அவருடன் அமர்ந்து சென்ற டெனிஸ் ஜென்கின்சன், முன்கூட்டியே இருவரும் சாலையைச் சுற்றிப் பார்த்து எடுத்த குறிப்புகளை 18 அடி நீளக் காகிதச் சுருளில் எழுதி, ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து உருட்டி உருட்டிப் படித்தார். இரைச்சலில் பேச்சுக் கேளாது. ஆகவே கைச்சைகையால் வளைவுகளை அறிவித்தார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் அவர்கள் பந்தயத்தை முடித்தனர். நினைவாற்றலுக்கு எதிராக எழுத்தாணி பெற்ற வெற்றி அது. கர்நாடகத்தின் கே-1000 போன்ற ராலிப் போட்டிகளில் ஓட்டுநர் அருகே அமர்ந்து குறிப்புப் படிக்கும் துணைவரும் அம்மரபினரே. நமக்கு 18 அடிச் சுருள் வேண்டா. வளைவுக்கு ஒரு வரியாக ஒரு பக்கம் போதும்.

மூன்று: அடையாளம் நாட்டுக. வளைவு ஒவ்வொன்றிற்கும் மூன்று அடையாளங்கள் வேண்டும்: பிரேக் பிடிக்கும் இடம், திருப்பத் தொடங்கும் இடம், தொடுபுள்ளி. அடையாளம் அசையாப் பொருளாக இருக்க வேண்டும். பலகை, கம்பம், தரையின் விரிசல் ஆகியவை நல்லவை. நிழல் ஆகாது, காலையில் இருந்த இடத்தில் மாலையில் அது இராது. நின்றுகொண்டிருக்கும் மனிதரும் ஆகார். தேநீர் குடிக்கச் சென்றுவிடுவர். சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்திலேதான் பல்லாண்டுகள் நம் நாட்டுப் பந்தயங்கள் நடந்தன. பரந்து தட்டையாகக் கிடக்கும் ஓடுதளம் போன்ற இடத்தில், வளைவு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண் எளிதில் அளக்க முடியாது. அத்தகைய களங்களில் அடையாளமே கண்.

நான்கு: வேகத்தைக் கடைசியில் கூட்டுக. முதற் சுற்றுகளில் நேர்ச்சாலையிலும் முழு வேகம் வேண்டா. வழி சரிதானா என்பதை மட்டும் பாருங்கள். வெளியேறும்போது சாலையின் முழு அகலமும் பயன்பட்டதா? இடம் மிஞ்சியிருந்தால், மிக மெதுவாகச் சென்றீர்கள். அல்லது தொடுபுள்ளி மிகவும் தள்ளிப் போயிற்று. இடம் போதாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க நேர்ந்தால், மிக முன்னதாகவே உள்விளிம்பைத் தொட்டுவிட்டீர்கள். புதியவர் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானது இந்த இரண்டாம் வகையே. வளைவைக் கண்டதும் கை பரபரக்கிறது, காத்திராமல் திருப்பிவிடுகிறது.

வழி சரியான பின், வெளியேறும் வேகத்தைக் கூட்டுங்கள். அதுவும் நிலைபெற்ற பின்னரே பிரேக் பிடிக்கும் இடத்தைத் தள்ளிப் பாருங்கள். பலர் இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்து கெடுகின்றனர். பிரேக்கின் கணக்கு இரக்கமற்றது. மணிக்கு 120 கிலோமீட்டரிலிருந்து 60-க்குக் குறைக்க, நல்ல பிரேக்குடைய வண்டிக்கு 52 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 130-இலிருந்து குறைக்க 64 மீட்டர் வேண்டும். பத்தே கிலோமீட்டர் மிகுதி. பன்னிரண்டு மீட்டர் பற்றாக்குறை. அந்தப் பன்னிரண்டு மீட்டரும் சாலைக்கு வெளியேதான் கிடைக்கும்.

ஐந்து: ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற ஒழுங்கு இது. பிரேக் இடத்தையும் தொடுபுள்ளியையும் ஒரே சுற்றில் மாற்றினால், நேரம் குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று அறிய முடியாது. ஒன்றை மாற்றுங்கள், மூன்று சுற்று ஓடுங்கள், நேரத்தை எழுதுங்கள். பிறகு அடுத்தது.

ஆறு: பிறர் வழியைப் பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். இதனை நான் பட்டறிந்தே எழுதுகிறேன். வெளியூர் ஒன்றில் கார்ட் வண்டி ஓட்டச் சென்றிருந்தேன். களம் எனக்குப் புதிது. நடந்து பார்க்க நேரம் இருந்தும் நடக்கவில்லை. முன்னே ஒருவர் மிக நேர்த்தியாக ஓட்டிச் சென்றார். அவர் சக்கரத் தடத்திலேயே என் சக்கரத்தை வைத்தேன். அவர் பிரேக் பிடித்த இடத்தில் பிடித்தேன். இரண்டு சுற்றுகள் மிக மகிழ்ந்தேன். மூன்றாம் சுற்றில் அவர் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தள்ளி வைத்தார். நானும் தள்ளி வைத்தேன். அவர் என்னைவிட மெலிந்தவர். அவர் வண்டியின் சக்கரங்கள் புதியவை. அவர் வளைவில் திரும்பினார். நான் டயர் அடுக்கில் போய் நின்றேன். விலாவில் பத்து நாள் வலி இருந்தது. அவர் வழி தவறன்று. அது அவருடைய வழி, என்னுடையது அன்று.

வல்லவர்க்கும் களம் புதிதாகும்

உலகின் முதல்தர ஓட்டுநருக்கும் இந்நிலை வருவதுண்டு. 2011 அக்டோபர் 30-ஆம் நாள், டில்லிக்கு அருகே புத்தர் பன்னாட்டுக் களத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தது. 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள அக்களம் அப்போதுதான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. பயிற்சி தொடங்கும் வரை ஃபார்முலா ஒன் ஓட்டுநருக்கு அது படத்தில் கண்ட களமே. முதற் பயிற்சியின்போது நாய் ஒன்று களத்துள் புகுந்து, ஓட்டத்தையே நிறுத்தி வைத்தது. ஓட்டவழியை விட்டு விலகிய இடமெல்லாம் தூசி. வண்டிகள் ஓட ஓட, ஓட்டவழியில் மட்டும் தூசி நீங்கி ரப்பர் படிந்தது, விலகினால் வழுக்கியது. புதுக் களத்தில் வழி என்பது இருப்பதைக் காண்பது மட்டும் அன்று. பலர் ஓடி ஓடி உண்டாக்குவதும் ஆகும். அதனால் காலையில் கண்ட வழி மாலையில் மாறும். அன்று செபாஸ்டியன் வெட்டல் வென்றார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியராகிய நம் கோவை நரேன் கார்த்திகேயன், வலிமை குன்றிய வண்டியைக் கொண்டே பந்தயத்தை முடித்து 17-ஆம் இடம் பெற்றார்.

களம் பழகியதாயினும் வண்டி புதிதானால் வழியும் புதிதே. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், 2010-இல் பஹ்ரைனில் தம் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்டார். அவ்வூர்க் களத்தில் வேறு வகை வண்டிகளில் அவர் முன்பே ஓட்டியிருந்தார். ஆனால் அவருடைய புதிய வண்டி பயிற்சி நேரங்களில் ஆயத்தமாகவே இல்லை. தகுதிச் சுற்றிலேதான் அவர் முதன்முதலாக அவ்வண்டியை ஓட்டினார்! போதாக்குறைக்கு, அவ்வாண்டு வழக்கமான சுற்றோடு ஒரு கூடுதல் பகுதியையும் சேர்த்து, களத்தை 6.3 கிலோமீட்டராக நீட்டியிருந்தனர். பந்தயத்தின் இரண்டாம் சுற்றிலேயே அவர் வண்டி விலகி மோதி நின்றது. இதில் அவரைக் குறைகூற இடமில்லை. நடப்பதற்கும் பழகுவதற்கும் காலம் கொடாமல் ஒருவனைக் களத்தில் இறக்கினால், திறமை மட்டும் அவனைக் காக்க முடியாது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது சான்று நமக்கு இன்னும் அண்மையது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நீளத்தில் இரவுப் பந்தயம் நடந்தது. அண்ணா சாலையும் சிவானந்தா சாலையும் கொடிமரச் சாலையும் நம்முள் பலர் பேருந்தில் நூறு முறை சென்ற இடங்களே. ஆயினும் பயணியாக அறிவது வேறு. ஓட்டுபவனாக அறிவது வேறு. நகரச் சாலை, மழைநீர் வடிவதற்காக ஓரம் நோக்கிச் சாய்ந்திருக்கும். வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். இருபுறமும் தடுப்புச் சுவர், பிழைக்கு மன்னிப்பில்லை. பழகிய ஊரும் இவ்வாறு ஒரே இரவில் புதிய களமாகிவிடும்.

மழை வந்தால் இவை அனைத்தையும் மறுபடி கற்க வேண்டும். வெயிலில் பிடிப்பு மிகுந்திருந்த ரப்பர்த் தடம் மழையில் வழுக்கும் தடமாகிறது. அப்போது பழகியவர் வழக்கமான வழியை விட்டு, வளைவின் வெளிப்புறத்தில் சொரசொரப்பான தரையைத் தேடிச் செல்வர். நேற்றைய விடையை இன்றைய வினாவிற்கு எழுதுபவன் தோற்பான்.

தெரு களமன்று

இதுவரை படித்த நண்பருள் சிலர் ஞாயிறு விடியலில் மோட்டார் சைக்கிளில் நந்தி மலைக்குச் செல்பவராக இருக்கலாம். அவர்களிடம் ஒரு சொல். மேலே சொன்ன வழி, எதிரே எவரும் வாராத சாலைக்கு உரியது. நம் நாட்டில் இடப்புறம் செல்கிறோம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் ‘வெளிவிளிம்பு’ என்பது எதிரே வருபவனுடைய பாதி. வலப்பக்கம் திரும்பும் வளைவில் ‘தொடுபுள்ளி’ என்பதும் அவனுடைய பாதியே. ஆகவே மலைச்சாலையில் எந்த வளைவில் ஓட்டவழியைப் பின்பற்றினாலும், பிறனுக்கு உரிய இடத்தை நாம் கவர்ந்தாக வேண்டும். அங்கே பால் வண்டி வரும். பள்ளிப் பிள்ளையை ஏற்றிய தந்தை வருவார். வளைவின் மறுபுறத்தை நடந்து பார்த்து எழுதி வைக்க நமக்கு வழியில்லை.

களத்தில் மார்ஷல் உண்டு, மருத்துவ வண்டி உண்டு, தலைக்கவசச் சோதனை உண்டு. ஆர்வமுள்ளோர் பெங்களூரிலேயே ஹென்னூர்ப் பக்கமுள்ள மெக்கோ கார்டோபியா போன்ற கார்ட் களங்களில் பழகலாம். இவ்வூரிலிருந்து புறப்பட்டு ஐரோப்பியக் களங்கள் வரை சென்ற அர்ஜுன் மைனி, குஷ் மைனி என்னும் உடன்பிறந்தாரும் கார்ட் வண்டியில் தொடங்கியவரே. தெருவில் பழகி எவரும் ஓட்டுநராவதில்லை.

ஒரு பயிற்சி

வரைகட்டத் தாளில், உள்ளாரம் 20 மீட்டரும் வெளியாரம் 30 மீட்டரும் உடைய 90 பாகை வளைவு ஒன்றை வரைக. வெளி, உள், வெளி என மூன்று இடங்களைத் தொடும் வட்டவில்லைக் கவராயத்தால் கண்டு, ஆரம் 54 மீட்டர் வருகிறதா என்று பார்க்க. பின்னர், அவ்வளவை முடித்த உடனே எதிர்ப்பக்கம் திரும்பும் அதே அளவுள்ள வளைவு ஒன்றை வரைந்து, அதன் பின் நீண்ட நேர்ச்சாலை ஒன்றைச் சேர்க்க. முதல் வளைவின் வெளிவிளிம்பில் வந்து முடிந்த உங்கள் வில், இரண்டாம் வளைவிற்கு எப்பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது? உள்விளிம்பில் அன்றோ! இனி இரண்டாம் வளைவிலிருந்து பின்னோக்கி வரைந்து வருக. முதல் வளைவில் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது தானே தெரியும்.

இப்பயிற்சியைத் தாளில் முடித்தவன் களத்தில் முதல் நாளே வெல்வான் என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே டயர் அடுக்கில் போய் நிற்கமாட்டான் என்று மட்டும் சொல்கிறேன். வீட்டைவிட்டு இவ்வூருக்கு வந்த முதல் வாரத்தில் நாமும் அப்படித்தான் வழி கண்டோம்: மெல்ல நடந்தோம், அடையாளம் வைத்தோம், தவறித் திரும்பினோம், மறுபடி நடந்தோம். கோவைக்குச் செல்லும் நண்பர்கள், கூம்புப் பாதையை நடந்து பார்க்கக் கிடைக்கும் அச்சிறு நேரத்தைப் பேச்சில் கழிக்காதிருக்க. கையில் ஒரு தாளும் எழுதுகோலும் இருக்கட்டும். கடைசி வளைவிலிருந்து தொடங்குக.